ஒரு கட்டம் நிழல்

பந்தலுக்குள் கால் வைக்கும் முன் சோலைமலை, வாசல் கல்தூணில் கம்பி சுற்றித் தொங்கவிட்டிருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் ஒரு முறை தொட்டுக்கொள்கிறார். செருப்பை வெளியே விடுகிறார். சட்டைப் பையிலிருக்கும் செல்போனை எடுத்து ஒரு கல்லின்மேல் கவிழ்த்து வைக்கிறார். அதன் பிறகுதான் தலையைக் குனிந்து உள்ளே நுழைகிறார். உள்ளே வெடிமருந்து எதுவும் இல்லை. முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது.

"ஏண்ணே, திராட்சை வெடிச்சிருமா?" என்று அவரைக் கேட்காதவர்கள் ஆமத்தூரில் குறைவு. "பழகிப்போச்சு, விடு" என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொல்லும் ஒரே பதில்.

இருபத்தாறு வருடப் பழக்கம். சிவகாசி போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் பகுதிக்கு அவர் போர்மேனாக இருந்தார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தைச் செம்பைத் தொட்டு மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் அங்கே அறைக்குள் போக வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேர்தான். ஐந்தாவதாக முதலாளி சீனிவாசகமே வந்து நின்றாலும், "ஒரு ஆள் வெளிய வரட்டும் மொதலாளி, பொறவு நீங்க வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். முதலாளிக்கு அதில் வருத்தம் கிடையாது. இப்படி ஒரு ஆள் காவலுக்கு இருக்கும்வரை ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

வயது ஐம்பத்து நான்கு. ஒடிசலான உடம்பு. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் சாம்பல் நிறம் போகவில்லை என்று அவர் மனைவி சுப்புலட்சுமி சாதிக்கிறாள். அது மண் என்கிறார் இவர். எதையும் அளக்காமல் போட அவருக்குக் கை வராது. காப்பிக்குச் சீனி எடுத்தால்கூடக் கரண்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மேலே குவிந்திருப்பதை விரலால் வழித்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். "இவுகள நம்பி உலை வச்சா, தராசு வர்றதுக்குள்ள சோறு குழைஞ்சு போயிரும்" என்பாள் சுப்புலட்சுமி. சொல்லும்போது பாதி குறை, பாதி பெருமை.

வேலையை ஏன் விட்டார் என்றால் முதுகுவலி என்று சொல்வார். ஊரும் நம்புகிறது, மனைவியும் நம்புகிறாள். உண்மை வேறு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பகல் வேளையில், அரை மைல் தள்ளி இன்னொரு கம்பெனியில் ஒரு சத்தம் கேட்டது. மறுநாளிலிருந்து மருந்துத் தராசைத் தொட்டால் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. வீட்டில் நடுங்காது, தோட்டத்தில் நடுங்காது, அந்த அறைக்குள் மட்டும் நடுங்கும். நடுங்குகிற கை அந்த அறைக்கு ஆகாது என்பது ஒரு போர்மேனுக்குத் தெரியாமல் இருக்குமா? யாரிடமும் சொல்லாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம், திரும்பவும் அந்த அறைக்குள் போகும்படி ஆகிவிடக் கூடாது என்பது.

கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் திராட்சைப் பந்தலைப் பார்த்தார். சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டுத் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். திரும்பி வரும்போது ஈரச் சாக்கில் சுற்றிய குச்சிக் கட்டு ஒன்று பஸ்ஸில் அவர் மடியில் இருந்தது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊரில் திராட்சையா என்று ஊரார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கிணற்றை ஒட்டிய செவல் காட்டில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, குச்சியை ஊன்றினார். முதல் காய்ப்பில் சுமாராகக் குலை வந்தது. பழம் சின்னதுதான், ஆனால் வாயில் போட்டால் பன்னீர் வாசம் வந்தது. சிரித்தவர்கள் ஆளுக்கு ஒரு கொத்து வாங்கிப் போனார்கள்.

இங்கேதான் போர்மேன் ஒரு தப்புப் பண்ணினார். வேறு தொழிலிலிருந்து வந்தவன் செய்திருக்க மாட்டான்.

உரக்கடையில் ஒரு வெள்ளை மூட்டையைப் பார்த்தார். மேலே பொட்டாசியம் நைட்ரேட் என்று அச்சடித்திருந்தது. இருபத்தாறு வருடம் கையில் புழங்கிய வெடியுப்பு. வெளியூர்ச் சந்தையில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஆளுல்ல இவன்!" என்று மூட்டையைத் தட்டிக்கொடுத்தாராம், கடைக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். கூடவே கடைக்காரர் யூரியாவையும் காட்டி, இரண்டிலும் இருக்கும் தழைச்சத்து ஒன்றுதான், யூரியாவில் அது மூன்று பங்குக்கும் மேல் என்று விளக்கினார். சோலைமலைக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படவில்லை. உப்புக் குறைந்தால் புஸ்வாணம் எழும்பாது. எழும்பவில்லையா, உப்பைக் கூட்டு. தொழில் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே கொடிக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு செடிக்கும் யூரியாவைக் கிராம் பிசகாமல் எடை போட்டு, சொன்ன அளவைப் போல் ஒன்றரை மடங்கு வைத்தார்.

கொடி எழும்பியது. அடேயப்பா, என்ன எழும்பல்! இலை ஒவ்வொன்றும் முறம் போல விரிந்தது. கரும்பச்சை. ஒரு கொடிமேல் இன்னொரு கொடி ஏறி, அதன்மேல் மூன்றாவது ஏறி, பந்தல் கூரை வேய்ந்ததுபோல் மூடிக்கொண்டது. நட்ட நடு மதியத்தில் உள்ளே போனால் சாயங்காலம் ஆகிவிட்டதோ என்று தோன்றும். விருதுநகர்ப் பக்கத்து வெயிலை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த நிழலின் அருமை தெரியும். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. அங்கே பெட்டி அடைக்கும் பெண்கள் ஏழு பேர், பன்னிரண்டரை மணிச் சங்கு ஊதியதும் தூக்குவாளியோடு பந்தலுக்கு வந்துவிடுவார்கள். ஆபீஸ் வளாகத்தில் நிழல் என்று பார்த்தால் தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம்தான், அது அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. முதல் நாள் தயங்கி நின்றவர்களைச் சோலைமலைதான் உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுச் சட்டமும் போட்டார். நான்கு தூணுக்கு நடுவில் இருக்கும் இடம் ஒரு கட்டம். "ஒரு கட்டத்துக்கு நாலு பேருதான். மிச்ச ஆளு அடுத்த கட்டத்துல ஒக்காருங்க."

அந்தக் கூட்டத்துக்கு வாய் பாண்டிலட்சுமி. "அஞ்சு பேரு ஒக்காந்தா ரசம் வெடிச்சிருமாண்ணே?" என்று அவள் கேட்டதும் ஏழு பேரும் சிரித்த சிரிப்பில் சோலைமலைக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். நான்கு பேர் இந்தக் கட்டத்திலும் மூன்று பேர் அடுத்த கட்டத்திலும் உட்கார்ந்து, தூணைத் தாண்டிக் கூட்டு பொரியலைக் கைமாற்றிக்கொண்டார்கள். வருடக்கணக்கில் மருந்து வாசத்தில் சாப்பிட்டவர் அவர். தம் பந்தலுக்குக் கீழே பத்து நிமிடம் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடும் மனிதர்களைப் பார்ப்பது அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பந்தலோரம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

ஆனால் பூ நிற்கவில்லை.

திராட்சைப் பூவைக் காட்டி இதுதான் பூ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பச்சைக் கடுகைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணி மூன்று வாரத்தில் கொத்து வெளியே தெரியும், ஆறாவது வாரத்துக்குள் விரிந்துவிடும். சோலைமலையின் கொடியில் கொத்துகள் நன்றாகத்தான் வந்தன. விரிகிற சமயத்தில் நுனி பழுத்தது, காம்பு கருகியது, எரிந்து அணைந்த திரி போல் தொங்கியது, தொட்டால் உதிர்ந்தது. ஊர் கண் பட்டுவிட்டது என்று சுப்புலட்சுமி வாசல் தூணில் படிகாரம் கட்டினாள். பூச்சியோ என்று மருந்து அடித்துப் பார்த்தார்கள். சோலைமலை மட்டும் தாடையைத் தடவியபடி, "வேகம் பத்தல" என்று சொல்லி அடுத்த கவாத்துக்கு யூரியாவை இன்னும் கூட்டினார். அந்தத் தடவை பந்தல் முழுதும் ஒரு கூடைகூடத் தேறவில்லை.

சுப்புலட்சுமி சண்டை போடுகிறவள் இல்லை. ஒரு நாள் மட்டும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு கவாத்துப் பாப்போம். அதுலயும் பூ நிக்கலேன்னா கொடிய வெட்டிட்டு மக்காச்சோளம் போட்டுருவோம். மொதலாளி ரெண்டு தடவ போன் போட்டுட்டாக. முதுகு இப்ப தேவலதான? சீசனுக்கு நீங்க கம்பெனிக்குப் போங்க." நியாயமான பேச்சு. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

விடை வந்தது வேன் ரூபத்தில். தீப்பெட்டி ஆபீசுக்கு அட்டை லோடு இறக்க வந்த வேன் ஒன்று பின்னால் எடுக்கும்போது பந்தலின் மேற்கு மூலையில் இடித்து, இரண்டு கட்டத்துக் கொடியைத் தழையத் தழைய உரித்துக்கொண்டு போயிருந்தது. இது ஒரு கூடைகூடத் தேறாமல் போன அந்தத் தடவை, பூ கருகுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. சோலைமலை டிரைவரோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். பந்தல் முழுக்கப் பூ கருகி முடிந்த பிறகு ஒரு காலை, மனம் விட்டுப்போய் நடந்து திரிந்தவர் அந்த மூலைக்கு வந்து நின்றுவிட்டார். இலை கிழிந்து மொட்டையாய்க் கிடந்த அந்த இரண்டு கட்டத்தில் மட்டும் கொத்துகள் பச்சையாக, மிளகு அளவுக் காயோடு தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்று நாள் அவருக்குத் தூக்கமில்லை, ஆனால் அது கவலைத் தூக்கமின்மை இல்லை. மூலைக்கும் நடுப் பந்தலுக்கும் நடந்து நடந்து பார்த்தார். அதே மண், அதே தண்ணீர், அதே உரம். மண்ணை முகர்ந்து பார்த்தார். இலையை மென்று பார்த்தார். "வேன்காரன் மந்திரவாதியா இருப்பானோ?" என்று பாண்டிலட்சுமி கேட்டபோது, அவர் நிஜமாகவே ஒரு நிமிடம் யோசித்தார்.

பிறகு போர்மேன் மூளை வேலை செய்தது. திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்கள் வீட்டில் அலமாரிக்கு விரிக்கக் கிடந்தன. முன்பக்கம் சாமி படம் இரட்டைப் படமாக அச்சாகியிருக்கும், பின்பக்கம் வெள்ளை. அதில் இரண்டை எடுத்து, உச்சி வேளையில் ஒன்றை மூலையிலும் ஒன்றை நடுப் பந்தலிலும் விரித்தார். இலைக்கு ஊடே தாளில் விழுந்த வெளிச்சத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்தார். மூலைத் தாள் முழுக்க வட்டமும் கோணலுமாக நிறைந்துவிட்டது. நடுத் தாளில் மூன்றே வட்டம், மூன்றையும் கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

இரண்டு தாளையும் சுருட்டிக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனார். அங்கே செழியன் என்று ஓர் இளம் அதிகாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தாளை மேசையில் விரித்து, கதை முழுவதும் கேட்டு, போட்ட யூரியாக் கணக்கையும் கேட்டபோது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"வெளிச்சம் பத்தல அண்ணே."

"விருதுநகர்லயா?" சோலைமலைக்குக் குரல் ஏறிவிட்டது. "சார், வெளிய சொல்லிராதீக. இங்கன வெயில் பத்தலேன்னா ஊரே சிரிக்கும். நாங்க வெயில ஏத்துமதி பண்ணலாம்."

"ஊருக்குப் பத்தும். பூவுக்குப் பத்தல" என்றார் செழியன். "நீங்க போடுற யூரியாவைக் கொடி உறிஞ்சிடுது. அதைச் செரிச்சு உடம்பாக்க இலைக்கு வெயில் வேணும். நீங்க அள்ளி அள்ளிப் போட்டதுல இலை மண்டி, வெயில் உள்ளயே வரல. செரிக்காத சத்து உள்ளயே தேங்கிப் பூக்காம்பைக் கருக்கிடுது. எல்லாக் கொத்தும் இதனாலதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வேன் இடிச்ச மூலையைப் பாத்தா எனக்கு அப்படித்தான் தோணுது. இந்தத் தடவை யூரியாவை நிறுத்துங்க. பூ விரியறதுக்கு முன்னாடி கொத்தைச் சுத்தி இருக்கிற இலையைக் கழிச்சுவிடுங்க. உள்ள வெயில் இறங்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது சோலைமலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு சிட்டிகை கூடினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன ஆள், தன் தோட்டத்தில் மூட்டை மூட்டையாகக் கூட்டியிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் வெட்கம் போய் ஆச்சரியம் வந்தது. ஒரே சத்து. அங்கே வெளிச்சமாக வெடிக்கிறது, இங்கே வெளிச்சம் இல்லையென்றால் கருக்குகிறது. பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியே தீர வேண்டும் போலிருந்தது. சொன்னார். அவர் சிவகாசியில் இறங்க வேண்டியவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கவாத்து முடிந்தது. யூரியா மூட்டை கொட்டகையிலேயே கிடந்தது. மூன்றாவது வாரம் கொத்துகள் தலைகாட்டின. நான்காவது வாரம் சோலைமலை மேற்கு மூலையிலிருந்து இலை கழிக்கத் தொடங்கினார். கொத்துக்கு மேலே எத்தனை இலை, கீழே எத்தனை இலை என்று கணக்கு வைத்துக்கொண்டு கிள்ளினார். மதியம் சங்கு ஊதிப் பெண்கள் வந்தபோது பாதிப் பந்தல் ஓட்டை ஓட்டையாக நின்றது, தரையில் வெயில் கொட்டிக் கிடந்தது.

"என்னண்ணே, கூரையப் பிரிக்கீக?" என்றாள் பாண்டிலட்சுமி.

"பூவுக்கு வெயில் வேணுமாம்த்தா. சாரு சொல்லிட்டாரு. இந்தத் தடவயும் கருகுச்சுன்னா கொடிய வெட்டிருவோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் விஷயம் புரிந்தது. "அதுக்கென்னண்ணே, ஒங்க பூ நின்னாப் போதும்" என்றாள் அவள். "நாளையிலருந்து நாங்க ஆபீஸ் செவுத்தோரம் ஒக்காந்துக்கிருவோம். இம்புட்டு நாளு இருந்ததே பெருசு." அந்தச் சுவரோரம் எப்படி இருக்கும் என்று சோலைமலைக்குத் தெரியும். பகல் முழுக்க வெயில் குடித்த சுவர், சாய்ந்தால் முதுகு வெந்துவிடும்.

அடுத்த இரண்டு நாளில் பந்தல் முழுவதும் இலை கழித்தாகிவிட்டது, கிழக்கே கிணற்றை ஒட்டிய ஒரு கட்டத்தைத் தவிர. அந்த ஒரு கட்டம் மட்டும் பழையபடி இருண்டு கிடந்தது. சுப்புலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத ஏன் விட்டீக?"

"ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா? கழிச்ச எடம் எப்படி, கழிக்காத எடம் எப்படின்னு. செழியன் சாரு சொன்னாரு."

செழியன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மதியம் ரோட்டைக் கடந்து போய், சுவரோரம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் அவரே கூட்டி வந்தார். ஏழு பேரும் அந்த ஒரே கட்டத்தில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். "நாலு பேருதானண்ணே?" என்று பாண்டிலட்சுமி இழுத்தாள். போர்மேன் காது கேட்காதவர் போல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

ஆறாவது வாரம் பூ விரிந்தது. விடியற்காலையில் பந்தலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், பூவின் மூடிகள் பச்சைத் தூளாகத் தலையிலும் தோளிலும் உதிர்ந்தன. கூர்ந்து முகர்ந்தால்தான் தெரிகிற ஒரு வாசம் இருந்தது. அவருக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. ஒரு வாரம் போயிற்று. இலை கழித்த கட்டங்களில் கொத்துகள் கருகவில்லை. கட்டத்துக்குக் கட்டம் போய்ப் பார்த்தார், எல்லாவற்றிலும் மிளகு மிளகாகக் காய் பிடித்திருந்தது. வெளியே வந்து, கல்லின்மேல் இருந்த செல்போனை எடுத்து முதலாளிக்குப் போன் போட்டார். "இந்தச் சீசனுக்கு வர முடியாது மொதலாளி. திராட்ச காய் புடிச்சிருச்சு." போனை வைத்ததும் கண் கலங்கியது. சுப்புலட்சுமி பார்த்துவிட்டு, முதுகு ஏதும் பிடித்துக்கொண்டதோ என்று கேட்டாள்.

கழிக்காத அந்த ஒரு கட்டத்தில் மட்டும் கொத்துகள் கருகின. செழியன் சொன்னது அட்சரம் பிசகவில்லை. முதல் கொத்து நுனி கருகியதைப் பார்த்த அன்றே அவருக்கு யோசனை வந்துவிட்டது. தங்கள் தலைக்கு மேலே உள்ளது மட்டும் கருகித் தொங்குவதைக் கண்டால் பாண்டிலட்சுமி விட மாட்டாள். ஏன் என்று கேட்பாள், கேட்டுத் தெரிந்துகொண்டால் எழுந்து சுவரோரம் போய்விடுவாள், மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போவார்கள்.

அதனால் இப்போது தினமும் பன்னிரண்டேகாலுக்கு அவர் அந்தக் கட்டத்தில் நிற்கிறார். கருகிய கொத்துகளைக் காம்போடு கிள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொள்கிறார். குனிந்து, தரையில் உதிர்ந்திருக்கும் பழுப்புத் தூளைத் துண்டால் ஒற்றி எடுக்கிறார். நேற்று கடைசிக் கொத்தைக் கிள்ளி மடியில் போடும்போதே சங்கு ஊதிவிட்டது. பெண்கள் வந்து உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். பாண்டிலட்சுமி அண்ணாந்து பார்த்தாள்.

"பந்தல் பூராம் காயாக் கெடக்கு, எங்க தலைக்கு மேல மட்டும் ஒண்ணையும் காணமேண்ணே?"

"நாந்தான் பறிச்சேன். சோத்துல பூ விழும்லா."

அவள் அவர் மடியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள். கொத்தைக் கிள்ளிய இடத்தில் இலை விலகி, ஒரு துண்டு வெயில் நேரே அவள் நெற்றியில் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். சோலைமலை ஒரு கையால் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையை மேலே நீட்டி, பக்கத்துக் கொடி ஒன்றை இழுத்து வளைத்து, அந்த ஓட்டையை மூடிக் கம்பியில் செருகினார்.